அப்பாவுக்கு என் கேமரா பிடிபடவில்லை: மவுஸ் கட்டுப்பாடு பற்றி யோசனை வேண்டும்

யார்டு மாஸ்டர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒன்றரை வருடமாக ராத்திரியில் மட்டும் உட்கார்ந்து ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். கோடோ 4 என்ற விளையாட்டு எஞ்சினில். ஒரு ரயில் யார்டு. சரக்குப் பெட்டிகளைக் கழற்றி, மாட்டி, சரியான லைனில் தள்ளி, ஒரு முழு ரேக்கை (பெட்டி வரிசையை) நேரத்துக்குள் கட்டி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது.

சிக்கல் கேமராவில், அதாவது ஆடுபவர் யார்டைப் பார்க்கும் பார்வையில். இரண்டு பெட்டிக்கு நடுவே கப்ளிங் (இணைப்புக் கொக்கி) மாட்டியிருக்கிறதா என்று பார்க்க 4 மீட்டர் கிட்டே போக வேண்டும். எந்த லைன் காலி என்று பார்க்க 200 மீட்டர் மேலே வர வேண்டும். ஆடுபவர் நிமிஷத்துக்குப் பத்து தடவை இந்த இரண்டுக்கும் நடுவே போய் வருவார்.

இப்போது இருப்பது: இடது பட்டனைப் பிடித்து இழுத்தால் பெட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டம். வலது பட்டனை இழுத்தால் கேமரா சுற்றும். நடுப் பட்டனை இழுத்தால் கேமரா நகரும். சக்கரம் ஜூம். மவுஸைத் திரை ஓரத்துக்குக் கொண்டுபோனாலும் நகரும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்கார வைத்தேன். அவர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது தண்டவாளம் பிரியும் 'பாயிண்ட்'டை மாற்றிவிடுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். யார்டு அவருக்கு அத்துப்படி, மவுஸ் அப்படியல்ல. முதலில் தரையில் இடது பட்டனை அழுத்தி இழுத்தார். பச்சைக் கட்டம் வந்தது. "இது என்னடா கோடு போடுது?" என்றார். வலது பட்டனைக் காட்டினேன். யார்டே சுழன்றது. சக்கரத்தை உருட்டச் சொன்னேன். கேமரா பெட்டிக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. மூன்று நிமிஷம்தான், "தலை சுத்துது" என்று எழுந்துவிட்டார்.

அடுத்து அக்கா மகள். ரோப்லாக்ஸ் ஆடுபவள், யாரும் சொல்லாமலே வலது பட்டனைப் பிடித்துச் சுற்றினாள். ஆனால் நடுப் பட்டனை இழுத்ததும், "மாமா, இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் போகுது" என்றாள்.

இன்னொன்று: வீட்டுக் கணினியில் நன்றாக இருக்கும் சுழற்சி என் பழைய மடிக்கணினியில் தாறுமாறாக ஓடுகிறது. மவுஸ் அதேதான். எங்கே தப்பு?

---

அரை பிக்சல்

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குத்தான் விடை நிச்சயமாகத் தெரியும். மவுஸ் நகர்ந்த தூரத்தை ஃபிரேம் நேரத்தால் (திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான நேரம்), அதாவது டெல்டாவால், பெருக்குகிறீர்களா?

---

யார்டு மாஸ்டர்

ஆமாம். எல்லாவற்றையும் டெல்டாவால் பெருக்க வேண்டும் என்றுதானே எல்லா டுடோரியலிலும் சொல்கிறார்கள்?

---

அரை பிக்சல்

விசையை அழுத்திப் பிடித்தால் பெருக்க வேண்டும். அது வேகம், நேரத்தால் பெருக்கினால்தான் தூரம் கிடைக்கும். மவுஸ் தருவது ஏற்கெனவே தூரம். போன ஃபிரேமிலிருந்து இந்த ஃபிரேமுக்குள் கை இவ்வளவு நகர்ந்தது என்று சொல்கிறது. அதை மறுபடி நேரத்தால் பெருக்கினால், ஒரே கை அசைவுக்கு நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் கணினியில் 60 ஃபிரேம் ஓடும் கணினியை விட இரண்டு மடங்கு திரும்பும். உங்கள் பழைய மடிக்கணினிக் கதை இதுதான். நடுவில் ஒரு ஃபிரேம் திக்கினால் கேமரா துள்ளுவதும் இதனால்தான்.

டெல்டாவை எடுத்துவிட்டு, உணர்திறன் எண்ணை அதற்கேற்பக் குறையுங்கள். எடுத்த உடனே கேமரா ராக்கெட் மாதிரி சுழலும், பயப்பட வேண்டாம். இதுவரை 0.016ஆல் பெருகிக்கொண்டிருந்தது, இப்போது பெருகவில்லை, அவ்வளவுதான்.

---

நள்ளிரவு கம்பைலர்

இதோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கேமரா வழுக்கிக்கொண்டு நிற்பதற்காக ஒவ்வொரு ஃபிரேமிலும் 'லெர்ப்' (இலக்கை நோக்கி மீதித் தூரத்தில் ஒரு பங்கு நகர்த்தும் கணக்கு) போட்டு 0.1 கொடுத்திருக்கிறீர்களா? பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன்.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மீதித் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு போனால், பாதி வழியைக் கடக்க ஆறரை ஃபிரேம் ஆகும். 60 ஃபிரேம் கணினியில் அது சுமார் 110 மில்லிசெகண்ட். 144இல் சுமார் 46. 30இல் சுமார் 220. ஒரே விளையாட்டு மூன்று கணினியில் மூன்று விதமாகக் கனக்கும். 0.1க்குப் பதிலாக, 'ஒன்று கழித்தல் ஈ-யின் அடுக்கு (மைனஸ் வேகம் பெருக்கல் டெல்டா)' என்று போடுங்கள். இங்கே டெல்டா வேண்டும். மேலே சொன்ன இடத்தில் வேண்டாம். குழப்பமாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

---

யார்டு மாஸ்டர்

இரண்டு தப்பையும் செய்திருக்கிறேன். முதலாவதைச் சரிசெய்தேன், இரண்டு கணினியிலும் ஒரே மாதிரி சுற்றுகிறது. ஒன்றரை வருடம் இதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்!

சரி, அப்பா விஷயம்? இழுக்கும் திசையைத் தலைகீழாக்க ஒரு தேர்வு வைத்துவிட்டால் போதுமா?

---

கோணல் கேமரா

தேர்வு வைப்பது நல்லது. ஆனால் அதற்கு முன்னால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தியதும் ஆடுபவர் கையில் என்ன இருக்கிறது? தரையா, கண்ணா?

உங்கள் அப்பா மேஜையில் விரித்த வரைபடத்தைப் பார்ப்பது போல யார்டைப் பார்த்திருக்கிறார். வரைபடத்தில் கை வைத்து இழுத்தால் காகிதம் கையோடு வரும். வலதுபக்கம் இழுத்தால் காகிதம் வலதுபக்கம் வரும், இடதுபக்கம் இருந்தது கண்ணுக்குத் தெரியும். அக்கா மகள் நடுப் பட்டனை இழுத்தபோது நினைத்ததும் அதேதான். நீங்கள் எழுதியதோ கேமராவை நகர்த்துவது: கை வலதுபக்கம் போனால் கேமரா வலதுபக்கம் போகும், தரை இடதுபக்கம் ஓடும். கணக்குப்படி தப்பில்லை. ஆனால் அவள் கையில் இருந்தது தரை, நீங்கள் நகர்த்தியது கண்.

சுழற்றும்போது நிலைமை வேறு. முதல் ஆள் பார்வை விளையாட்டில் மவுஸை வலதுபக்கம் தள்ளினால் தலை வலதுபக்கம் திரும்பும். அங்கே கையில் இருப்பது கண். காட்சி இடதுபக்கம் ஓடுகிறது என்று யாரும் சண்டை போடுவதில்லை, ஏனென்றால் காட்சியைப் பிடித்திருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

மேல்-கீழ் தலைகீழ் சண்டையின் வேரும் இதுதான். விமானத்தின் தடியைப் பின்னால் இழுத்தால் மூக்கு மேலே போகும். அதில் பழகியவர்களுக்கு மவுஸைப் பின்னால் இழுத்தால் பார்வை மேலே போக வேண்டும். ஒருவரின் தலையைப் பின்னாலிருந்து கையால் பிடித்திருப்பதாக நினைத்துப் பாருங்கள்: கையை முன்னால் தள்ளினால் அவர் குனிவார். அப்படி நினைப்பவர்களுக்கும் தலைகீழ்தான் நேர். கண்ணையே கையில் வைத்திருப்பதாக நினைப்பவர்களுக்கு மேலே என்றால் மேலே. இதில் சரி, தப்பு கிடையாது. அதனால் மேல்-கீழுக்கு ஒரு தேர்வு, பக்கவாட்டுக்குத் தனியாக இன்னொன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள்.

உங்கள் விளையாட்டில் என் யோசனை: நகர்த்தும்போது கையில் தரை. சுழற்றும்போது கையில் கண். இதை முடிவு செய்துவிட்டால் கர்சர் விஷயமும் தானாகத் தீரும். தரையைப் பிடித்திருக்கும்போது கர்சர் தெரிய வேண்டும், அதுதான் விரல். பிடித்த இடம் கர்சருக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு வர வேண்டும். கண்ணைத் திருப்பும்போது கர்சர் மறைய வேண்டும். பட்டனை விட்டதும் மறைந்த அதே இடத்தில் திரும்பத் தெரிய வேண்டும். இல்லையென்றால் பாதித் திருப்பத்தில் கர்சர் திரை ஓரத்தில் முட்டி நிற்கும். உங்கள் அப்பா மவுஸைத் தூக்கி மறுபடி வைப்பார், அது இன்னும் மோசம்.

---

சும்மா விளையாடுபவன்

நான் கோட் எழுதத் தெரியாதவன், ஆடுபவன் மட்டும். ஆனால் கேமரா சரியில்லை என்று பல விளையாட்டை அரை மணியில் அழித்திருக்கிறேன்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடிய நாளில் ஒன்று கவனித்தேன். இடது பட்டனைப் பிடித்து இழுத்தால் கேமரா மட்டும் சுற்றும், பாத்திரம் திரும்பாது. வலது பட்டனைப் பிடித்தால் பாத்திரமும் சேர்ந்து திரும்பும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் முன்னால் நடக்கும். 2004இல் வந்த விளையாட்டு அது. ஒரு தடவை கை பழகியபிறகு யோசித்ததே இல்லை. கோணல் கேமரா சொல்வது புரிகிறது: ஒரு பட்டனில் கண், இன்னொன்றில் உடம்பு.

ஆனால் ஒன்று. யார்டு மாஸ்டர், இடது பட்டனில் தரையை இழுக்க வைத்தால் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுப்பது எங்கே போகும்? அதை எடுத்துவிடாதீர்கள்.

---

யார்டு மாஸ்டர்

உண்மையைச் சொன்னால் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுப்பது என் விளையாட்டுக்கே தேவையில்லை. பெட்டிகள் வரிசையாகத்தான் நிற்கும், ஒன்றைத் தொட்டால் அதோடு மாட்டியிருப்பதெல்லாம் சேர்ந்து வரும். வியூக விளையாட்டு என்றால் கட்டம் இருக்கும் என்று பழக்கத்தில் வைத்துவிட்டேன். ஷிஃப்டோடு இழுத்தால் கட்டம் என்று மாற்றிக்கொள்கிறேன். வெறும் இடது இழுப்பு இனிமேல் தரைக்கு.

---

மூன்று பட்டன்

நடுப் பட்டனை எடுத்தது நல்ல காரியம். பேர் மூன்று பட்டன் என்று வைத்துக்கொண்டு நானே சொல்கிறேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நடுப் பட்டன்தான் எல்லாம்: வெறுமனே இழுத்தால் சுற்றும், ஷிஃப்டோடு நகரும், கண்ட்ரோலோடு ஜூம். அதே வகையான மாயாவில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு இடது பட்டன் சுற்ற, நடு நகர, வலது ஜூம். இரண்டும் வேலைக்கான கருவி, ஆயிரம் மணி நேரம் உட்காருகிறவர்கள் கற்றுக்கொள்வார்கள். விளையாட்டுக்கு வருகிறவருக்கு முதல் பத்து நிமிஷம்தான். தவிர, மடிக்கணினியின் டச்பேடில் நடுப் பட்டன் பெரும்பாலும் இருக்காது. சக்கரத்தை அழுத்தினால் அதுவே பட்டன் என்பது தெரியாதவர்களும் உண்டு. என் அம்மாவுக்குத் தெரியாது.

சுழற்சியில் ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டுத் திருப்பம், மேல்-கீழ் சாய்வு என்று இரண்டே எண்ணை நீங்களே ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு எப்போதும் உலகத்தின் செங்குத்து அச்சில், சாய்வு கேமராவின் சொந்தப் பக்க அச்சில். இரண்டையும் கேமராவின் அச்சிலேயே சுற்றினால் கொஞ்ச நேரத்தில் அடிவானம் சாய்ந்துவிடும். மவுஸால் ஒரு சின்ன வட்டம் போட்டுத் தொடங்கிய இடத்துக்கே வாருங்கள், காட்சி தொடங்கிய மாதிரி இருக்காது. முப்பரிமாணச் சுழற்சியில் வரிசை மாறினால் விடை மாறும் என்பதன் பலன் இது. பொருளைக் கையில் உருட்டுகிற மாதிரிச் சுற்ற 1992இல் கென் ஷூமேக் 'ஆர்க்பால்' என்று ஒரு முறை எழுதினார். அதில் கர்சர் தொடங்கிய புள்ளிக்குத் திரும்பினால் பொருளும் பழைய நிலைக்குத் திரும்பும். அழகான கணக்கு. ஆனால் சிலையைத் திருப்பிப் பார்க்கத்தான் அது, யார்டுக்கு வேண்டாம். யார்டில் தண்டவாளம் எப்போதும் கீழே இருக்க வேண்டும்.

சாய்வுக்கு எல்லை வையுங்கள். நேர் கீழே 90 பாகை போனால் கேமராவுக்கு எது மேல்பக்கம் என்று தெரியாமல் படக்கென்று சுழலும். கோணத்தை விளையாட்டு எஞ்சினிடமிருந்து திரும்பப் படித்து எல்லைக்குள் அடக்காதீர்கள். யூனிட்டி என்ற எஞ்சினில் அப்படிப் படித்தால் மைனஸ் 10க்குப் பதில் 350 வரும், எல்லை உடையும்.

---

யார்டு மாஸ்டர்

20இலிருந்து 80 பாகை வரை வைத்துவிட்டேன். நேர் மேலிருந்து பார்க்கும் காட்சி போனது கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் 80இல் வித்தியாசம் தெரியவில்லை.

'வடக்கே திரும்பு' என்று ஒரு விசை வைத்திருக்கிறேன். சில நேரம் 10 பாகை திரும்ப வேண்டிய இடத்தில் முழுச் சுற்றுச் சுற்றி வருகிறது. இதுவும் அந்த 350 விவகாரமா?

---

நள்ளிரவு கம்பைலர்

அதன் தம்பி. 350இலிருந்து 0க்கு எண்ணாகப் போனால் 350 பாகை பின்னால் வரும். கோணத்துக்கென்றே 'லெர்ப் ஆங்கிள்' இருக்கிறது, குறுக்கு வழியில் போகும்.

---

அரை பிக்சல்

இப்போது ஜூம். அப்பா பெட்டிக்குள் புகுந்ததற்குக் காரணம் சொல்லட்டுமா? ஒரு சக்கரப் பல்லுக்கு, அதாவது மவுஸ் சக்கரம் ஒரு சொடுக்கு நகர்ந்தால், 5 மீட்டர் என்று நிலையான தூரம் வைத்திருப்பீர்கள். 200 மீட்டர் மேலே இருக்கும்போது 5 மீட்டர் ஒன்றுமே இல்லை, கப்ளிங்குக்கு 6 மீட்டரில் இருக்கும்போது அதே 5 மீட்டர் மூஞ்சியில் மோதும்.

கூட்டாமல் பெருக்குங்கள். ஒரு பல்லுக்கு இப்போதைய தூரத்தை 0.85ஆல் பெருக்கினால் கிட்டே வரும், 0.85ஆல் வகுத்தால் தள்ளிப் போகும். 200இலிருந்து 4க்கு வர 24 பல். எந்த உயரத்தில் இருந்தாலும் ஒரு பல் என்றால் காட்சி அதே விகிதத்தில்தான் பெரிதாகும், கண்ணுக்குச் சீராகத் தெரியும். 24 அதிகம் என்றால் 0.8 போடுங்கள், 18 பல்லில் முடியும்.

அப்புறம், ஜூம் கர்சர் இருக்கும் இடத்தை நோக்கிப் போக வேண்டும், திரை நடுவை நோக்கி அல்ல. 2007இல் வந்த சுப்ரீம் கமாண்டர் ஆடியிருக்கிறீர்களா? சக்கரத்தைப் பின்னால் உருட்டினால் முழு வரைபடமும் திரைக்குள் வந்துவிடும். வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து முன்னால் உருட்டினால் நேரே அங்கே இறங்கும். நகர்த்த வேண்டிய தேவையே பாதி குறையும். 4 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

---

யார்டு மாஸ்டர்

மூன்று ராத்திரி போனது. முன்னேற்றமும் உண்டு, புது வியாதியும் உண்டு.

தரையைப் பிடித்து இழுப்பது வேலை செய்கிறது. பட்டனை அழுத்தியதும் கர்சரிலிருந்து ஒரு கதிர், அது தரையைத் தொடும் புள்ளியை நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தப் புள்ளி கர்சருக்கு அடியில் இருக்கும்படி கேமராவை நகர்த்துகிறேன். ஒரு பாயிண்ட் லீவரைப் பிடித்து இழுத்தால் அந்த லீவர் விரல் நுனியிலேயே வருகிறது. அசையாமல் அப்படியே! பத்து நிமிஷம் சும்மா இழுத்துக்கொண்டே இருந்தேன்.

வியாதி ஒன்று: கேமராவைத் தாழ்த்தி அடிவானத்துக்குப் பக்கத்தில் பிடித்து இழுத்தால் யார்டு தூக்கி எறிந்த மாதிரி பறந்துவிடுகிறது.

வியாதி இரண்டு: முழுக்கக் கிட்டே போனபிறகும் சக்கரத்தை உருட்டினால் ஜூம் ஆகாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகிறது.

வியாதி மூன்று: தொட்டாலே இழுப்பாகிவிடுகிறது. அப்பா பெட்டியைக் கிளிக் செய்தால் கை லேசாக நடுங்கி, தேர்வாகாமல் தரை நகர்கிறது.

---

கோணல் கேமரா

ஒன்று: கதிர் தரைக்கு ஏறக்குறைய இணையாக ஓடும் இடம் அது. ஒரு பிக்சல் மேலே போனால் தொடும் புள்ளி நூறு மீட்டர் தள்ளிப் போய்விடும், அடிவானத்துக்கு மேலே என்றால் தொடவே தொடாது. கதிருக்கு ஒரு அதிகபட்ச தூரம் வையுங்கள். அதைத் தாண்டினால், பிடித்தபோது அந்த ஆழத்தில் ஒரு பிக்சல் எத்தனை மீட்டரோ அந்தக் கணக்கில் நகர்த்துங்கள். சூத்திரம் எளிது: ஆழம், பெருக்கல் பார்வைக் கோணத்தில் பாதியின் டேன்ஜென்ட், பெருக்கல் 2. அது திரையின் மொத்த உயரத்துக்கு எத்தனை மீட்டர் என்று சொல்லும். திரையின் பிக்சல் உயரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவின் மேல்-கீழ் பார்வைக் கோணத்தைத்தான் எடுக்க வேண்டும். பக்கவாட்டுக் கோணத்தை எடுத்துவிட்டு இரண்டு நாள் தேடிய ஒருவரை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன் அவரை.

இரண்டு: ஜூமையும் நகர்வையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறீர்கள். எல்லையில் தூரம் மாறாமல் நிற்கிறது, நகர்வு மட்டும் ஓடுகிறது. முதலில் புதுத் தூரத்தை எல்லைக்குள் அடக்கிவிட்டு, அடக்கியபிறகு எவ்வளவு மாறியதோ அதை மட்டும் வைத்து நகர்த்துங்கள். மாற்றம் பூஜ்யம் என்றால் நகர்வும் பூஜ்யம்.

---

மூன்று பட்டன்

மூன்றாவதற்கு: அழுத்திய இடத்திலிருந்து சில பிக்சல் தாண்டும் வரை அது கிளிக், தாண்டினால் இழுப்பு. விண்டோஸ் தன் வேலைக்கு வைத்திருக்கும் அளவு 4 பிக்சல். உங்கள் அப்பாவுக்கு அது போதாது, 8 வைத்துப் பாருங்கள். எல்லையைத் தாண்டிய நொடியில் பிடித்த புள்ளியைப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த 8 பிக்சலும் சேர்ந்து தரை ஒரு குதி குதிக்கும்.

வலது பட்டனுக்கும் இதேதான். வலது கிளிக் என்றால் ரத்து, வலது இழுப்பு என்றால் சுழற்சி என்று வைத்திருந்தால், பட்டனை விடும்போதுதான் ரத்து நடக்க வேண்டும், அழுத்தும்போது அல்ல.

---

நள்ளிரவு கம்பைலர்

இழுப்பு எங்கே தொடங்கியதோ அதுதான் அதன் சொந்தக்காரர், முடியும் வரை. தரையில் தொடங்கிய இழுப்பு, நடுவில் கர்சர் மெனுப் பலகை மேல் போனாலும் தரையுடையதுதான். பலகையில் தொடங்கியது தரைக்கு வரக் கூடாது. கோடோவில் கேமரா உள்ளீட்டை 'அன்ஹேண்டில்டு இன்புட்'டில் வாங்கினால் பலகைகள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபிறகு மீதி மட்டும் உங்களுக்கு வரும்.

இன்னொன்று, இதைச் சோதிக்க யாருக்கும் தோன்றாது: பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஆல்ட்-டேப் அடித்து வேறு ஜன்னலுக்குப் போங்கள், அங்கே பட்டனை விடுங்கள், திரும்பி வாருங்கள். விட்ட சேதி உங்களுக்கு வராமல் போகலாம், கேமரா மவுஸோடு ஒட்டிக்கொண்டு திரியும். ஜன்னல் கவனம் போனதும் எல்லா இழுப்பையும் ரத்து செய்துவிடுங்கள்.

---

சும்மா விளையாடுபவன்

திரை ஓரத்தில் நகர்வதை வைத்துக்கொள்ளுங்கள் ப்ளீஸ். எனக்கு அது இல்லாமல் வியூக விளையாட்டே இல்லை.

---

அரை பிக்சல்

எனக்கு இரண்டு திரை. மெனுவைத் தொடப் போனால் வரைபடம் ஓடும், கர்சர் அடுத்த திரைக்குப் போனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரிக்கும் வேண்டாம்.

---

சும்மா விளையாடுபவன்

முழுத்திரையில் கர்சரை ஜன்னலுக்குள்ளேயே அடைத்துவிட்டால் அடுத்த திரைக்குப் போகாதே. கோபம் வேண்டாம் அண்ணா, தேர்வில் இருக்கட்டும், தொடக்கத்தில் அணைத்து வைக்கட்டும். நான் தேடிப் போட்டுக்கொள்கிறேன்.

---

குறி தப்பாதவன்

தாமதமாக வருகிறேன். துப்பாக்கி விளையாட்டுக்காரனின் பார்வை: உணர்திறனை 1 முதல் 10 வரை என்று மொட்டையாக வைக்காதீர்கள், அலகு தெரிய வேண்டும். குவேக் என்ற பழைய துப்பாக்கி விளையாட்டின் காலத்திலிருந்தே மவுஸின் ஒரு எண்ணிக்கைக்கு 0.022 பாகை என்று ஒரு அடிப்படை, அதை உணர்திறன் எண்ணால் பெருக்குவார்கள். உணர்திறன் 2, மவுஸ் 800 டிபிஐ (ஒரு அங்குல நகர்வுக்கு 800 எண்ணிக்கை) என்றால் முழுச் சுற்றுக்குக் கை 26 சென்டிமீட்டர் நகர வேண்டும். நாங்கள் எல்லோரும் இந்தச் சென்டிமீட்டரைத்தான் மனப்பாடம் வைத்திருப்போம். விளையாட்டு மாறினாலும் கை மாறாது.

மென்மையாக்கலை முழுக்க எடுத்துவிடுங்கள். கை நின்றபிறகு காட்சி ஓடினால் எனக்குக் குமட்டும்.

---

நள்ளிரவு கம்பைலர்

யார்டில் யாரும் குறி பார்க்கப் போவதில்லை :) ஆனால் கடைசி வரியில் விஷயம் இருக்கிறது. பட்டனைப் பிடித்திருக்கும்போது மென்மையாக்கல் கூடாது, கை எவ்வளவோ காட்சி அவ்வளவு. தரையைப் பிடித்து இழுக்கும்போது லெர்ப் இருந்தால் பிடித்த லீவர் விரலை விட்டுப் பின்தங்கும், பிடித்த உணர்வே போய்விடும். சக்கரம் மட்டும் பல் பல்லாக வருவதால் அதற்குக் கொஞ்சம் மென்மை வேண்டும், 'வடக்கே திரும்பு' மாதிரித் தாவல்களுக்கும் வேண்டும். வேறு எங்கும் வேண்டாம். அப்பாவின் தலைசுற்றலில் பாதி அந்த 0.1 லெர்ப்தான் என்பது என் சந்தேகம்.

---

பிரவுசர் பைத்தியம்

டெமோவை உலாவியில் விடப் போகிறீர்களா? அப்படியானால் கேளுங்கள்.

மேக் டச்பேடில் இரண்டு விரலால் கிள்ளினால், உலாவி அதைக் கண்ட்ரோல் விசையோடு சக்கரம் உருட்டியதாகச் சொல்லும் உலாவிகள் உண்டு. தடுக்காவிட்டால் உங்கள் யார்டுக்குப் பதில் பக்கமே பெரிதாகும். இரண்டு விரல் உருட்டலும் சக்கரமாகத்தான் வரும், ஆனால் ஒரு பல்லுக்குப் பதில் நிறைய சின்னச் சின்ன நிகழ்வாக. வந்த ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு பல் என்று எண்ணினால் விரல் தொட்டதும் 200 மீட்டரிலிருந்து தரையில் விழுவார்கள். எத்தனை நிகழ்வு என்று எண்ணாமல், எவ்வளவு அளவு என்று கூட்டுங்கள். விண்டோஸிலும் வழக்கமான ஒரு பல் என்றால் 120 என்ற எண், நுண்சக்கரம் உள்ள மவுஸ்கள் அதைவிடச் சின்ன எண்ணாக அனுப்பும். 0.85இன் அடுக்காக அளவைப் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே கணக்கில் அடங்கும்.

வலது பட்டனுக்கு உலாவி தன் மெனுவைத் திறக்கும், அதையும் தடுக்க வேண்டும். சுழற்றும்போது கர்சரைப் பூட்டினால், ஆடுபவர் எஸ்கேப் அடித்து எப்போது வேண்டுமானாலும் வெளியே வருவார், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அந்த நேரத்தில் இழுப்பு முடிந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

---

கோணல் கேமரா

ஒரு கேள்வி மட்டும். ரயில் எஞ்சின் ஓடும்போது கேமரா அதன் பின்னால் போகுமா?

---

யார்டு மாஸ்டர்

இருமுறை கிளிக் செய்தால் பின்தொடரும். பெட்டிகள் மோதிக்கொண்டால் கேமரா தானாக அங்கே தாவும்.

---

கோணல் கேமரா

அந்தத் தாவலை எடுத்துவிடுங்கள். இவர் தரையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் காலுக்கடியில் பாயை உருவுகிறீர்கள். மோதினால் திரை ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு, மணி ஓசை. அதைத் தொட்டால் போகட்டும். பின்தொடரும்போது இவர் தரையைப் பிடித்து இழுத்தால் பின்தொடர்வது உடனே அறுந்துவிட வேண்டும். சுற்றினாலோ ஜூம் செய்தாலோ அறுபட வேண்டாம், ஓடும் எஞ்சினைச் சுற்றிப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார்.

---

யார்டு மாஸ்டர்

இந்த ஞாயிறு அப்பாவை மறுபடி உட்கார வைத்தேன். ஒன்றும் சொல்லித் தரவில்லை, பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டேன். அதுதான் கஷ்டம்.

தரையில் கை வைத்து இழுத்தார். வந்தது. இன்னொரு தடவை இழுத்தார். சக்கரத்தைத் தயங்கித் தயங்கி ஒரு பல் உருட்டினார், அப்புறம் நாலு பல். நீர்த்தொட்டிப் பக்கம் கர்சரை வைத்து உருட்டி மூன்றாம் லைனுக்கு இறங்கினார். வலது பட்டனை ஐந்தாறு நிமிஷம் தொடவே இல்லை. பெட்டிக்கு அந்தப் பக்கம் பார்க்க வேண்டி வந்தபோது, "இதைச் சுத்திப் பார்க்க முடியாதா?" என்று கேட்டார், சொன்னேன். முதல் தடவை கை அதிகமாகத் திருப்பிவிட்டது, இரண்டாவது தடவை சரியாக நிறுத்தினார். சுழற்சி எதைச் சுற்றி என்பதை மட்டும் நேற்று மாற்றியிருந்தேன்: திரை நடுவைச் சுற்றாமல், பட்டனை அழுத்தியபோது கர்சர் இருந்த இடத்தைச் சுற்றி. அவர் கப்ளிங் மேல் வைத்து அழுத்தினார், கப்ளிங் திரையில் இருந்த இடத்திலேயே நின்றது.

தலைசுற்றல் பற்றிப் பேச்சே இல்லை. நாற்பது நிமிஷம் ஆடினார். அக்கா மகள் மேல்-கீழைத் தலைகீழாக்கி வைத்துக்கொண்டாள், பாட்டி வீட்டுக் கணினியில் அவள் அமைப்பு, அப்பாவுக்கு வேறு அமைப்பு என்று பெயர் போட்டுச் சேமிக்க வேண்டியிருக்கிறது. அது அடுத்த வேலை.

எழுந்திருக்கும்போது அப்பா ஒன்று சொன்னார். கேமரா பற்றி அல்ல. மூன்றாம் லைனில் பாயிண்டுக்கும் ஃபவுலிங் மார்க்குக்கும் (இதைத் தாண்டிப் பெட்டி நிற்கக் கூடாது என்ற குறி) நடுவே நான் வைத்திருக்கும் தூரம் தப்பாம், அங்கே பெட்டியை நிறுத்தினால் பக்கத்து லைனில் வருவது உரசிக்கொண்டு போகுமாம். "இவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்க விட்டியே, அதான் தெரிஞ்சுது" என்றார். இப்போது எட்டு லைனையும் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்.